பத்தொன்பதாம் பக்கம்

எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர் அவர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குச் சங்கரன்கோவிலில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள், எனக்கும் இருக்கிறார்கள். பெயரை மறைப்பதில் அவருடைய நலன் எவ்வளவு, என்னுடைய நலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் எதையும் மூன்று முறை கேட்பார். காது கேளாதவர் அல்லர், மறதிக்காரரும் அல்லர். ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்கவும் மாட்டார். முதலில் நேராகக் கேட்பார். சற்று நேரம் கழித்துப் பக்கவாட்டில் இருந்து கேட்பார். மூன்றாவது முறை, பதில் சொன்னவர் தான் சொன்னதை மறந்திருக்கும் நேரம் பார்த்து, வேறு எதையோ கேட்பது போலக் கேட்பார். மூன்று பதில்களும் ஒன்றாக இருந்தால்தான் அவர் மனத்தில் அது ஏறும்.

ஒருநாள் மாலை பேருந்து நிலையத்தில் அவரோடு நின்றிருந்தேன். படியில் காலை வைத்தபடி, "மேலநீலிதநல்லூர் போகுமா?" என்றார். போகும் என்றார் நடத்துநர். உள்ளே ஏறி, "மேலநீலிதநல்லூர்ல நிக்கும்லா?" என்றார். நிற்கும் என்றார். இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "இது வேற எங்கனயும் சுத்திப் போகாதுலா?" என்றார். "யக்கா, நானே அந்த ஊருக்காரன்தான். எம்பொண்டாட்டி அங்கனதான் சோறு வச்சிருக்கா. போயிருவோம், இருங்க" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மூன்றாவது பதில் கிடைத்த பிறகுதான் சுருக்குப் பையைத் திறந்து சில்லறை எடுத்தார்.

அந்தப் பழக்கத்தை நாங்கள் ஆசிரியர் அறையில் கேலி செய்வதுண்டு. முட்டை வந்த ஒரு நாளோடு அந்தக் கேலி குறைந்தது. கொண்டுவந்தவரிடம் முட்டைகள் என்றைக்கு வந்தவை என்று கேட்டார். நேற்று என்றார் அவர். அட்டைகளை இறக்கும்போது, "வெயில்லயா வச்சிருந்திய?" என்றார். இல்லை, நிழலில்தான் என்றார். கையெழுத்து வாங்கிக் கிளம்பும் நேரத்தில், "போன வாரம் லீவு விட்டிருந்தாங்களே, அப்ப இதெல்லாம் எங்கன வச்சிருந்திய?" என்றார். "குடோன்லதான்" என்று சொல்லிவிட்டு முட்டைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று ஒவ்வொரு முட்டையையும் அண்டாத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார் எங்கள் சமையல்காரம்மா. மிதந்தவை பாதிக்கு மேல். பிள்ளைகளுக்கு அன்று சுண்டல்தான்.

"எல்லாத்தையும் மூணு தடவ கேட்டா வேல எப்பக்கா முடியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாய்ச்சொல்லுன்னாதான் டீச்சர் மூணு தடவ. எழுத்துல இருந்து வாசிச்சுச் சொன்னா ஒரு தடவ போதும். கோயில்ல வேதம் வாசிக்காங்க. யாராச்சும் எந்திரிச்சு, ஐயா திரும்பச் சொல்லுங்கன்னு கேக்காங்களா?"

ஞாயிறுதோறும் தம் ஊர்த் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருபவர் அவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுதப்பட்டதை வாசிக்கத் தெரிந்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவர் வளர்ந்த ஊரின் எண்ணம். எங்கள் பக்கத்தில் வாத்தியார்மாருக்குக் கிடைக்கும் மரியாதையின் அடித்தளமே அதுதான். அந்த மரியாதையை நான் முப்பது ஆண்டுகள் என் தகுதி என்றே நினைத்திருந்தேன்.

நான் ஆங்கிலம் கற்பித்தவள். அதோடு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. நிலக்கரியைப் பற்றியும் உருகும் பனியைப் பற்றியும் நிறைய வாசித்திருந்தேன். ஊரைச் சுற்றி முதலில் காற்றாலைகள் எழுந்தன. பின்னர் மானாவாரிக் காடுகளில் சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக வந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம் உண்டாகும். சென்னையில் நிதி நிறுவனம் ஒன்றில் இருந்த என் அண்ணன் மகன், தூய ஆற்றல் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் பத்திரங்களைப் பற்றிச் சொன்னபோது, சேமிப்பில் பெரும்பகுதியை அதில் போட்டேன். வட்டியும் வரும், பூமிக்கும் நல்லது என்று மன்றத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். வாளி கழுவிக்கொண்டிருந்த அவர் காதிலும் அது விழுந்தது.

"அந்தத் துட்டு எங்கன போகுது டீச்சர்?"

"காத்தாடி, சோலார் போடுற கம்பெனிகளுக்குக் கடனாப் போகும்க்கா."

மறுநாள் கேட்டார்: "கம்பெனிக்காரங்க கடனுக்கு எத ஈடு வைப்பாங்க?"

"பெரிய கம்பெனிக்கா. அவங்ககிட்ட என்ன இல்ல?"

அதற்கு மறுநாள் அரிசி புடைத்தபடி, "கம்மல வைக்காம எனக்கு ஒருத்தரும் பத்து ரூவா தரமாட்டேங்காங்க. கம்பெனிக்கு மட்டும் சும்மாவா தருதாங்க?" என்றார்.

நான் சிரித்துவிட்டு, "நீங்க கலெக்டராப் போயிருக்கணும்க்கா" என்றேன்.

"கலெக்டரு ஒரு தடவதான் கேப்பாரு டீச்சர். அவருக்கு ஒடனே சொல்லிருவாங்க" என்றார்.

மூன்று நாளும் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. மூன்று நாளும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்திரத்தின் விளக்கத் தாள்களை நான் வாசித்திருக்கவே இல்லை.

பனவடலிசத்திரம் போகும் வழியில் அவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. கணவர் இறந்தபோது அவர் பெயருக்கு வந்தது. மழை பெய்தால் உளுந்து; இல்லையென்றால் வெறும் தரை. ஒரே மகள். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டினாள். கூடத்து முதலாளி வயதானவர். தறிகளை விற்கும்போது இரண்டை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். வங்கிக் கடன் வாங்கி அந்த இரண்டு தறிகளையும் மகளுக்குச் சொந்தமாக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

"நெலம் எனக்குச் சோறு போடல டீச்சர். ஆனா பேங்குல கொண்டுபோயிக் காட்ட எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு" என்பார்.

அந்த நிலத்தைச் சூரிய மின் நிறுவனம் ஒன்று நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டது. தரகர் வெள்ளைச் சட்டையோடு நான்கு முறை வந்தார். சமையல்காரம்மா அவரிடம் எல்லாவற்றையும் மும்மூன்று முறை கேட்டு முடித்தார். பிறகு ஒப்பந்தத்தின் நகலைக் கிளிப் போட்டு ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்தார். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம்.

"வக்கீல்ட்ட காட்டணும்னா துட்டு கேப்பாரு. நீங்க வாசிச்சுச் சொன்னாப் போதும் டீச்சர்."

"நம்ம டீச்சர் இருக்கையில வக்கீல் எதுக்கு?" என்றார் எதிரே இருந்த கணக்கு ஆசிரியை.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். குத்தகைத் தொகை, ஆண்டுகள், வேலி, பாதை எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி, ஏறக்குறைய பக்கம் முழுவதும் ஒரே வாக்கியம். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். வாக்கியம்தான் புரியவில்லை. கடன் கொடுப்போர், உரிமை மாற்றம், உரிமையாளரின் மறு சம்மதம் இன்றி என்று துண்டு துண்டாகத் தெரிந்தன. இரண்டாம் முறை வாசித்தேன். அறையில் நான்கு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவர் கேட்டார்: "டீச்சர், இந்த நெலத்தக் காட்டி வேற யாரும் கடன் வாங்கிர மாட்டாங்கள்லா? நாளைக்கு மகளுக்குன்னு நான் பேங்குக்குப் போனா, இது சுத்தமா இருக்கும்லா?"

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல நான்கு நொடிகள் போதும். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எல்லா ஒப்பந்தத்துலயும் வழக்கமா எழுதுறதுதான். நிலம் உங்க பேர்லதான் இருக்கும்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினேன்.

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கண்ணாடி போட்டு, தாளைப் பார்த்து, வாசித்துச் சொன்ன பதில் அல்லவா? அவர் ஒரே முறை கேட்டு நிறுத்தியதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்து மகிழ்ந்தேன். அதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டதும் நான்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் தம் முழுப் பெயரையும் எழுதினார். எழுத்து எழுத்தாக, பேனாவை எடுத்து எடுத்து வைத்து. "யம்மா, கையெழுத்துப் போடுதியளா, கோலம் போடுதியளா? ஆபீசப் பூட்டிட்டுப் போயிருவாங்க" என்றார் தரகர். "எம்பேர நான்தான முழுசாப் போடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

குத்தகைத் தொகை ஒழுங்காக வந்தது. அதில் குறையில்லை. தகடுகள் பதித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போய்க் காட்டினார். வேலிக்கு வெளியே நின்று, "எந்நெலத்துக் கரண்டு எந்த ஊருல எரியுதோ" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையை நான் என் பெருமையோடு சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தறி முதலாளி விற்க முடிவு செய்தார். தாயும் மகளும் கடனுக்கு மனுப்போட்டார்கள். வங்கியில் கூப்பிட்டபோது மகளுக்கு ஷிப்டு. எனவே துணைக்கு என்னை வரச் சொன்னார். கடன் பிரிவு அலுவலர் மரியாதையான இளைஞர். இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"வில்லங்கம் போட்டுப் பாத்தோம்மா. இந்த நிலத்து மேல ஏற்கெனவே ஒரு அடமானம் பதிவாகியிருக்கு."

"நான் யாருட்டயும் வைக்கலையே சார்."

"நீங்க வைக்கல. கம்பெனி வச்சிருக்கு. உங்ககிட்ட வாங்குன குத்தகை உரிமையக் காட்டி வடக்க ஒரு பேங்குல கடன் வாங்கித்தான் சோலார் போட்டிருக்காங்க. நிலம் உங்களுதுதான். ஆனா அந்தக் கடன் தீர்ற வரைக்கும் எங்க வக்கீல் இத ஈடா ஏத்துக்க மாட்டாரு." குத்தகை ஒப்பந்தத்தின் நகலை எங்கள் பக்கம் திருப்பினார். "இதுக்கு நீங்க சம்மதிச்சிருக்கீங்கம்மா. பத்தொன்பதாம் பக்கம்."

சமையல்காரம்மா தாளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "எங்க டீச்சர் முழுசா வாசிச்சுட்டுத்தான் சார் சாட்சி போட்டாங்க. நீங்க சொல்லுங்க டீச்சர்."

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வாசிச்சீங்களா மேடம்?"

வாசித்தேன், புரியவில்லை, புரிந்தது போலச் சொன்னேன். இதுதான் பதில். நான் சொன்னது: "நான் வாசிச்ச காப்பில இந்தப் பக்கம் இல்ல."

அலுவலர் நகலைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். சமையல்காரம்மா எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்பம் பொறவு செருகிருக்கானுவ. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க டீச்சர். நான் கேட்டுட்டு வாரேன்."

நான் அவரைத் தடுக்கவில்லை. அவர் தனியாக அந்தச் சூரியப் பண்ணையின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததைப் பத்து நாள் கழித்துக் கடைத்தெருவில் என்னை மறித்துச் சொன்னவர் அந்தத் தரகர்தான்.

"உங்க ஸ்கூல் அம்மா என்ன ஒரு வழி பண்ணிட்டாங்க டீச்சர். பொறவு தாளு சேத்தியளான்னாங்க. இல்லம்மான்னேன். அப்பம் டீச்சர்ட்ட குடுத்த காப்பில எத்தன தாளு இருந்ததுன்னாங்க. நாப்பதுன்னேன். மூணாவதும் ஒரு கேள்வி கேட்டாங்க. பதிலே சொல்லல, ஒரிஜினல எடுத்து விரிச்சு வச்சிட்டேன். பத்தொன்பதாம் பக்கத்துக்கு அடியில கோலம் போட்டாப்ல அவங்க பேரு. அப்படி எழுத்து எழுத்தா வேற யாரு போட முடியும்? அதவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பொறவு ஒண்ணும் கேக்கல. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க." சற்று நிறுத்தி, "கடேசிப் பக்கத்துல உங்க கையெழுத்தும் இருக்கு டீச்சர்" என்றார். அவர் முகத்தில் ஏளனம் இருந்தது. அது எனக்கு உரியதுதான்.

இடைப்பட்ட அந்தப் பத்து நாளும் நான் சமையல்காரம்மாவின் கேள்விக்காகக் காத்திருந்தேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எதிர்பாராத நேரத்தில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று பதில் தயாரித்து வைத்திருந்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. அவர் கேட்கவே இல்லை. வங்கிக்குப் போன மறுநாள் கரண்டியில் சாம்பாரை ஏந்திக்கொண்டு வந்து, "உப்பு பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். முன்பெல்லாம் "பிள்ளையளுக்குக் கூடிப் போகாதுலா?" என்று மறுபடியும் வருவார். அன்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பின் என்னிடம் எதையுமே ஒரு முறைக்கு மேல் அவர் கேட்கவில்லை. நடத்துநரிடம் மூன்று முறை கேட்டார். முட்டைக்காரரிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறை கேட்பது, தோண்டினால் உண்மை கிடைக்கும் என்று எதிரே இருப்பவரை நம்புகிறவர் செய்யும் வேலை. இது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த மாதமே என் பத்திரத்துக்கான வட்டி வரவாகியிருப்பதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. ஒருநாள்கூடத் தாமதமில்லை. எவர் எவர் நிலத்தைக் காட்டி அந்தக் கடன்கள் வாங்கப்பட்டனவோ எனக்குத் தெரியாது. அந்தப் பத்திரத்தை விற்றிருந்தால் இரண்டு தறிகளுக்கும் போதும். அது எனக்குத் தெரியும். விற்கலாமா என்று பலமுறை யோசித்தேன். வயதான காலத்துக்கு வேண்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். தூய மின்சாரத்தின் மீது எனக்கு இன்றும் குறை இல்லை. அந்த வேலிக்குள் அழுக்கென்று ஒன்று நுழைந்திருக்குமானால் அது என் வாய்வழியாகத்தான் நுழைந்தது.

தறிகளை வேறொருவர் வாங்கிக்கொண்டார். கூலிக்கு ஓட்டவும் அங்கே இடமில்லாமல் போனது. மகள் திருப்பூருக்குக் கிளம்புவதாகவும், தாயையும் கூடவே அழைத்துப் போவதாகவும் பள்ளியில் பேசிக்கொண்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டைகள் கட்டிக் கிடந்தன. மகள் ஓடிப்போய்க் கடையில் கலர் சோடா வாங்கிவந்து, உடைத்து என் கையில் கொடுத்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் மகளே பேசத் தொடங்கினாள்.

"நீங்களே இவங்களக் கேளுங்க டீச்சர். நாப்பது தாள உங்ககிட்ட வாசிக்கக் கொண்டாந்தவங்க, அந்த ஒத்தத் தாள மட்டும் வீட்டுல விட்டுட்டு வந்திருக்காங்க. நேத்துதான் வாயத் தொறந்து சொல்லுதாங்க."

நான் அவரைப் பார்த்தேன். ஒரு மூட்டையின் வாயைச் சணலால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா டீச்சர்" என்றார், நிமிராமல். "நனைஞ்சிருந்ததுன்னு அரிசிப் பானை மேல காயப் போட்டிருந்தேன். எடுத்து வைக்க மறந்துட்டேன். உங்க கைக்கு அது வரவே இல்ல."

"ஊரு பூரா மூணு மூணு தடவ கேக்கத் தெரியுது" என்றாள் மகள். "கையில இருக்க தாள ஒரு தடவ எண்ணத் தெரியல. டீச்சர் அதப் பாத்திருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாங்க. நானும் இன்னைக்கு என் தறியில நின்னிருப்பேன். சொல்லிருப்பியள்லா டீச்சர்?"

அவர் கை சணலில் நின்றது.

"சொல்லியிருப்பேம்மா" என்றேன்.

முடிச்சைப் போட்டு முடித்தார். "கலரக் குடிங்க டீச்சர், கூலிங் போயிரும்" என்றார்.

குடித்தேன்.